புரூக்ஸ் மலைத்தொடரில் ஒன்பது பத்து நாள் பேக்ராஃப்ட் பயணம்: எதை வாங்குவது, எதை விடுவது?

நடைவழி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சியாட்டிலில் இருக்கிறேன். ஆகஸ்ட் நடுவில் நானும் என் அலுவலகத் தோழர் ஒருவரும் அலாஸ்கா போகிறோம். ஃபேர்பேங்க்ஸில் இருந்து சிறு விமானத்தில் அனக்டுவுக் பாஸ் ஊரில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே நடந்து, எர்னி கணவாயைத் தாண்டி எர்னி ஓடையோடு கீழே இறங்கினால் கோயுகுக் ஆற்றின் வட கிளை வருகிறது. அங்கே பேக்ராஃப்டை, அதாவது மடித்து முதுகுப்பையில் சுமந்து வரும் சிறு காற்றுப் படகை, ஊதிக்கொண்டு பெட்டில்ஸ் வரை ஆற்றோடு போவது திட்டம். நடை ஐந்து நாள், ஆறு நான்கு நாள் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், கூடக் குறைய ஆகலாம்.

மலை நடையில் எங்கள் இருவருக்கும் நல்ல பழக்கம் உண்டு. ரெய்னியர் மலையைச் சுற்றி வரும் வொண்டர்லேண்ட் பாதை முழுக்க நடந்திருக்கிறோம். கூடாரம், உறக்கப்பை, அடுப்பு எல்லாம் கைவசம் இருக்கிறது. படகு விஷயம்தான் புதிது. ஏரியில் கயாக் ஓட்டுவோம், இரண்டாம் வகுப்பு (சிறு அலை மட்டும் உள்ள எளிய) ஆற்றில் வாடகைப் பேக்ராஃப்டில் போய்ப் பார்த்தோம், பிடித்துப்போனது. ஆனால் எல்லாவற்றையும் முதுகில் சுமந்து பல நாள் நடந்து, பிறகு அதே மூட்டையைப் படகில் கட்டிக்கொண்டு போவது வேறு விஷயம் என்று தெரிகிறது.

என் குழப்பங்கள் இவை. திறந்த படகு போதுமா, டெக் (மடியை மூடும் மேல்துணி) வைத்தது வேண்டுமா? ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான படகுகளைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது, அவை தாங்குமா? நீர் புகாத முழு உடுப்பான ட்ரைசூட் உண்மையிலேயே தேவையா, அதன் விலையைப் பார்த்தால் படகு விலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மழைக்கோட்டும் மழைக்கால்சட்டையும் போட்டுக்கொண்டால் ஆகாதா? லைஃப் ஜாக்கெட்டில் காற்றடைக்கும் வகை எடை குறைவு, அது போதுமா? ஆளுக்கு இரண்டாயிரம் டாலர் வரை செலவு செய்யலாம் என்று இருக்கிறோம். இந்தப் பணத்தை எதில் போட வேண்டும், எதில் சிக்கனம் பிடிக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சரளைமேடு எழுதியது:

ஆங்கரேஜில் இருந்து எழுதுகிறேன். நல்ல பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், ஃப்ரிஜிட் கிராக்ஸுக்கும் போரியல் மலைக்கும் நடுவில் ஆறு புகுந்து போகும் இடத்தைப் படகில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய பேறு. கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்காவுக்கே பெயர் கொடுத்த வாசல் அது.

படகைப் பற்றிக் கடைசியில் பேசுவோம், முதலில் தண்ணீர். நீங்கள் போகும் ஆறு பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பு, அங்கங்கே இரண்டாம் வகுப்பு. அலை வந்து புரட்டிப்போடுமோ என்ற பயம் அதிகம் வேண்டாம். ஆனால் தண்ணீர் பனிக்கட்டிக்குப் பக்கத்துச் சூடு, கிளை கிளையாகப் பிரியும் ஆறு, கீழே போகப் போக ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு, கரை அரித்து மரங்கள் ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும். உதவி என்றால் விமானம் வர வேண்டும், வானிலை மோசமானால் அதுவும் வராது. ஆகவே சாமான் தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீங்கள் தண்ணீரில் விழுந்து, படகு உங்களை விட்டுப் போய்விட்டால், உடம்பில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு பிழைப்பீர்களா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொருளில் பணத்தைப் போடுங்கள். மற்றதில் மிச்சம் பிடிக்கலாம்.

குளிர்ந்த நீரைப் பற்றி மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் ஒன்று, பத்து, ஒன்று என்ற கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் பிடியில் இருக்காது, அதை அடக்குவதே வேலை. அடுத்த பத்து நிமிடம்தான் கைவிரல்கள் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதாவது குளிரில் உறைந்து சாவதற்கு வெகு முன்பே கை மரத்துப் போய்க் கரை ஏற முடியாமல், படகைப் பிடிக்க முடியாமல் மூழ்குகிறார்கள். முதல் நிமிடத்துக்கு லைஃப் ஜாக்கெட் வேண்டும், அடுத்த பத்து நிமிடத்தை நீட்டிக்க ட்ரைசூட் வேண்டும். மழைக்கோட்டும் மழைக்கால்சட்டையும் மேலிருந்து விழும் நீருக்குத்தான். ஆற்றில் விழுந்தால் கழுத்து வழியாகவும் இடுப்பு வழியாகவும் நிமிடத்தில் நிறைந்துவிடும்.

ஆகவே ட்ரைசூட் தேவையா என்ற கேள்விக்கு என் பதில்: தேவை. அதற்குள்ளே மெல்லிய கம்பளி உள்ளாடையும் ஃப்ளீஸும். சூட் வெறும் தோல், சூடு தருவது உள்ளே போடும் துணிதான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேக்ராஃப்டுக்கென்றே செய்த இலேசான சூட்டுகள் ஒரு கிலோ அளவில் வருகின்றன. துணியாலேயே காலுறை வைத்துத் தைத்தது, முன்பக்கம் சிறுநீர் கழிக்க ஜிப் உள்ளது, இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிப் இல்லாவிட்டால் மழைக்குளிரில் முழுக்கக் கழற்ற வேண்டும், அந்தச் சோம்பலில் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பீர்கள், அது வேறு வம்பு. வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். ஆங்கரேஜிலும் ஃபேர்பேங்க்ஸிலும் கிடைக்கிறது, ஆகஸ்டில் கிராக்கி இருக்கும், இப்போதே பேசி வையுங்கள்.

லைஃப் ஜாக்கெட்: நுரை வைத்ததையே எடுங்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஒப்புதல் உள்ள வழக்கமான ஆற்று ஜாக்கெட்டுகள் குறைந்தது 15.5 பவுண்டு மிதவை தரும். அரைக் கிலோ எடை. அது இரவில் தலையணை, முகாமில் உட்காரும் மெத்தை, நடக்கும்போது பையின் வெளியே மாட்டிக்கொள்ளலாம். காற்றடைக்கும் வகை ஒரு முள்ளில் போய்விடும், வேகமான ஆற்றில் மரக்கிளை உள்ள இடத்தில் அதை நான் நம்ப மாட்டேன். வாயு உருளை உள்ள வகை என்றால் விமானத்தில் உருளைக்கு ஒப்புதல் கேட்க வேண்டிய தொல்லையும் சேரும்.

இப்போது படகு. ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே வருபவை மெல்லிய துணி, தரையும் மெல்லியது. நடந்து போகும் வழியில் ஒரு ஆற்றைக் கடக்க, அமைதியான ஏரியைத் தாண்ட அவை அருமையான கருவி. நாலு நாள் சரளைக்கல்லில் உரசிக்கொண்டு போக அல்ல. ஆகஸ்டில் மழை இல்லாவிட்டால் மேல் பகுதியில் தண்ணீர் கணுக்கால் ஆழம்தான், உட்கார்ந்த இடம் ஒவ்வொரு மேட்டிலும் தேயும். உடல் 210 டெனியர் (நூலின் தடிமனைக் காட்டும் அளவு) நைலான், தரை 420 அல்லது 840 டெனியர், இரண்டுக்கும் டி.பி.யு. என்ற பிளாஸ்டிக் பூச்சு: இதற்குக் கீழே போகாதீர்கள். டெக் கட்டாயம் வேண்டும், ஆனால் நுரைத்துப் பாயும் ஆற்றுக்கான வளையம் வைத்த டெக் வேண்டாம், வெல்க்ரோவில் மூடித் திறக்கும் இலேசான டெக் போதும். அதன் வேலை அலையைத் தடுப்பதைவிட, மழையிலும் காற்றிலும் மடியில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள்வது. டெக்கோடு சேர்த்து இரண்டரை முதல் மூன்று கிலோ வரும்.

கூட்டிப் பாருங்கள்: படகு 2.8, துடுப்பு 0.9, சூட் 1, ஜாக்கெட் 0.5, நீரில் விழுந்தவருக்கு எறியும் கயிற்றுப் பையும் பழுதுபார்க்கும் சாமானும் அரை. ஆற்றுக்கென்று மட்டும் ஏறக்குறைய ஆறு கிலோ. உங்கள் வழக்கமான முகாம் சாமான் ஆறேழு, பத்து நாள் சாப்பாடு எட்டு, கரடி டப்பா (கரடி திறக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டி) இரண்டு கிலோ. முதல் நாள் இருபத்திரண்டு கிலோ முதுகில் இருக்கும். அந்தப் பூங்காவில் போட்ட பாதை என்று ஒன்றுமே கிடையாது, எண்பது லட்சம் ஏக்கருக்கு மேல் காடும் மலையும், நடப்பது குலுங்கும் புல் திட்டுகளின் மேலே. மணிக்கு ஒரு மைல் போனால் நல்ல வேகம். ஐந்து நாள் நடைக் கணக்கை ஆறாக்குங்கள், சாப்பாட்டை மேலும் இரண்டு நாளுக்கு எடுங்கள், மழை பெய்து ஆறு ஏறினால் கரையில் உட்கார்ந்து காத்திருக்கும் மனசு வேண்டும், சாப்பாடு இருந்தால்தான் அந்த மனசு வரும்.

எடையைக் குறைக்க வேண்டுமென்றால் முகாம் சாமானில் கை வையுங்கள். துடுப்பையே நடுக்கம்பாக வைத்து நிற்கும் கூம்புக் கூடாரம், ஒரே பாத்திரம், ஒரே ஒரு மாற்றுடை. சூட்டிலும் ஜாக்கெட்டிலும் கை வைக்காதீர்கள்.

ஃபெமுண்ட் எழுதியது:

நான் நோர்வேயில் இருந்து எழுதுகிறேன். சரளைமேடு அண்ணா சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் எல்லாப் பயணத்துக்கும் ட்ரைசூட் என்று புதியவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இங்கே ஃபெமுண்ட்ஸ்மார்க்கா பக்கம் ஏரிகளும் குறுகிய ஆறுகளும் மாறி மாறி வரும், ஒரு நாளில் பத்துத் தடவை படகை விட்டு இறங்கித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ட்ரைசூட்டின் கழுத்தை நெரிக்கும் ரப்பரோடு அதைச் செய்தால் வேர்த்தே நனைந்துவிடுவோம். கோடையில் கரையை ஒட்டியே போகும் பயணத்துக்கு நியோப்ரீன் (நுரை ரப்பர்) கால்சட்டையும் மேலே காற்றுப் புகாத சட்டையுமே போதுமாக இருக்கிறது. கழுத்தில் ரப்பருக்குப் பதில் இறுக்கும் பட்டி வைத்த இலேசான சூட்டுகளும் வந்துவிட்டன, நடுவழிக்கு அவை நல்லது, ஆனால் நீண்ட நேரம் நீரில் கிடந்தால் கசியும். ஆகவே ஆற்றைப் பார்த்து உடுப்பு. உங்கள் ஆற்றுக்கு, ஆகஸ்ட் இறுதிக்கு, உதவி தூரத்தில் இருக்கும் இடத்துக்கு முழு சூட்டைத்தான் நானும் சொல்வேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது காற்று. ஆற்றில் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பேக்ராஃப்ட் தண்ணீரில் ஆழமாக இறங்காது, எடையும் இல்லை, எதிர்க்காற்று அடித்தால் வற்றிய இலை மாதிரி பின்னுக்குப் போகும். வட கிளை நடுக் கிளையோடு சேர்ந்த பிறகு ஆறு அகலமாகிவிடும் என்று வரைபடத்தில் தெரிகிறது, அங்கே மாலைக் காற்று எதிரே வந்தால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் கூடத் தேறாது. ஆகவே கடைசி நாளைக்குத் தூரத்தை மிச்சம் வைக்காதீர்கள், விடியற்காலையில் துடுப்புப் போடுங்கள்.

அப்புறம் துடுப்பு. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். படகு எப்படியும் மிதக்கும், உங்களை நகர்த்துவது துடுப்பு. நாலு துண்டாகக் கழலும் துடுப்பு, 200 முதல் 210 சென்டிமீட்டர், கார்பன் தண்டு. நானூறு ஐநூறு கிராமில் வரும் மெல்லிய துடுப்புகள் ஏரிக்குச் சரி, சரளையில் குத்தித் தள்ளும்போது அலகு உடையும். இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு உதிரி அலகாவது எடுத்துப் போங்கள், துடுப்பு இல்லாமல் நடுக்காட்டில் நிற்பதற்கு முன்னூறு கிராம் பெரிதல்ல. பொருத்தும் இடத்தில் மணல் ஏறினால் இறுகிப்போய்க் கழற்றவே வராது, ஒவ்வொரு மாலையும் கழற்றிக் கழுவி வையுங்கள், எண்ணெய் கிண்ணெய் போடாதீர்கள், அது மணலை இன்னும் பிடித்து வைக்கும்.

படகைக் கரையில் சும்மா விட்டுப் போகாதீர்கள். நாலு கல் உள்ளே போடுங்கள் அல்லது புதரில் கட்டுங்கள். இரவில் காற்றில் பறந்துபோன படகுகளைப் பற்றி இங்கே எல்லோருக்கும் ஒரு கதை தெரியும்.

நடைவழி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சூட்டை வாடகைக்கு எடுக்க முடிவு செய்துவிட்டோம், நுரை ஜாக்கெட் வாங்குகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். பின்பக்கம் ஜிப் வைத்து, காற்றுக் குழாய்க்கு உள்ளேயே சாமானை வைக்கும் படகு நல்லதா? ஜிப் கெட்டுப்போனால் படகே போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. இரண்டாவது, இருவரும் சேர்ந்து ஒரே இரட்டை இருக்கைப் படகு எடுத்தால் எடையும் செலவும் குறையுமே, என் தோழர் ஆறு அடி ஒரு அங்குலம், தொண்ணூற்றைந்து கிலோ.

ஊசிநூல் எழுதியது:

கொலராடோவில் இருக்கிறேன், நண்பர்களின் படகுகளைப் பழுது பார்த்துக் கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை, அதனால் ஜிப் கேள்விக்கு நான் வருகிறேன்.

ஜிப் உள்ள படகையே எடுங்கள் என்பது என் கருத்து. மூட்டையை முகப்பில் கட்டினால் எடை உயரத்தில் நிற்கிறது, பார்வையை மறைக்கிறது, முன்பக்கம் அமிழ்ந்து திருப்புவதற்குச் சிரமம். அதே எட்டுப் பத்துக் கிலோ இரண்டு பக்கக் குழாய்க்குள்ளும் சமமாகப் படுத்திருந்தால் படகு ஆற்றில் ஒட்டிக்கொண்டு போகும், கவிழ்ந்தாலும் திருப்பிப் போடுவது சுலபம், ஏறுவதற்கு முகப்பு காலியாக இருக்கும். உள்ளே வைக்கும் பைகளைக் கொக்கியில் மாட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வழுக்கிப் போய்ப் படகு சாய்ந்தே ஓடும்.

ஜிப்பைப் பற்றிய பயம் நியாயம்தான், ஆனால் ஜிப் தானாகக் கெடுவதில்லை, மணலால் கெடுகிறது. மூடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் பல்லைத் துடையுங்கள், பழைய பல்துலக்கியை நறுக்கி எடுத்துப் போனால் இன்னும் நல்லது. அதற்கென்று விற்கும் கிரீஸை இரண்டு முனையிலும் தடவுங்கள், முனையில்தான் கசியும். கடைசி அரை அங்குலம் வரை இழுத்து மூடியதைக் கையால் தடவிப் பார்த்த பிறகே ஊதுங்கள். மடிக்கும்போது ஜிப்பை நடுவில் மடக்காதீர்கள், சுருட்டுங்கள்.

குழாய்க்குள் போகக் கூடாதவை சில உண்டு. முதலுதவிப் பெட்டி, அன்றைய சாப்பாடு, மழைக்கோட்டு, பழுதுபார்க்கும் சாமான். இவற்றை எடுக்க வேண்டுமென்றால் படகைக் காற்றிறக்கித் திறந்து மறுபடி ஊத வேண்டும், மழையில் நடுங்கிக்கொண்டு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். கரடி டப்பாவும் உள்ளே வேண்டாம், கடினமான விளிம்பு பூச்சைத் தேய்க்கும், அது முகப்பில் பையோடு இருக்கட்டும். உறக்கப்பை உள்ளே போகலாம், ஆனால் இரண்டு நீர்புகாப் பைக்குள், ஏனென்றால் ஜிப்பின் ஓரம் கசிந்தால் உள்ளே குளம் கட்டும், வெளியே தெரியாது. ஆற்றில் உயிர்காக்கும் சாமானோ, அதெல்லாம் பையில் இல்லை, உடம்பில்: செயற்கைக்கோள் தூதுக் கருவி, தீப்பெட்டி, கத்தி, விசில், ஜாக்கெட் பாக்கெட்டில். படகு போய்விட்டால் இவை மட்டும்தான் உங்களோடு இருக்கும்.

பழுதுக்கு நான் எடுப்பது: அகலமான டைவெக் டேப் ஒரு சிறு சுருள், டேர் எய்ட் ஒட்டுத்துண்டில் ஏ வகை (பி வகை வினைலுக்கு, உங்கள் படகுக்குச் சரிப்படாது), ஆல்கஹால் துடைப்பான்கள் நாலைந்து, அக்வாசீல் பசை ஒரு சின்னக் குழாய், தடித்த ஊசி, பல்லிடுக்கு நூல், வால்வுக்கு ஒரு உதிரி மூடி. எல்லாம் சேர்த்து இருநூறு கிராம். ஓட்டை சின்னது என்றால் உலர வைத்து, ஆல்கஹாலால் துடைத்து, டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள், மூலை வைத்து வெட்டினால் அங்கிருந்து உரியும். நீளக் கிழிசல் என்றால் முதலில் நூலால் தைத்து இரண்டு விளிம்பையும் சேர்த்த பிறகே டேப். மழைநாளில் உலர வைப்பதுதான் முழுப் பாடு, அடுப்பில் சூடு செய்த பாத்திரத்தின் அடியை அந்த இடத்தின் மேலே உயரப் பிடித்துக் காயவிட்டு ஒட்டலாம், தொட்டுவிட்டால் பூச்சு உருகும், கவனம்.

காற்றைப் பற்றி ஒரு விஷயம் புதியவர்கள் எல்லோரையும் பயமுறுத்தும். ஊதிக் கட்டிய படகு தண்ணீரில் இறங்கிய ஐந்தாம் நிமிடம் தொளதொளத்துப் போகும், ஓட்டை என்று நினைத்துத் தேடுவார்கள். ஓட்டை இல்லை, குளிர். 25 டிகிரி வெயிலில் ஊதியதை 5 டிகிரி நீரில் போட்டால் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம் ஏழு சதவீதம் இறங்கும். ஏழு என்பது சின்னதாகத் தெரியும், ஆனால் இந்தப் படகுகளில் வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருப்பதே 2 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) அளவுதான், அதில் பாதிக்கு மேல் காணாமல் போகும். ஆகவே ஊதிய படகை நீரில் மிதக்கவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து, வாயால் மறுபடி ஊதி இறுக்கிக்கொண்டு ஏறுங்கள். தொளதொளத்த படகு நடுவில் வளைந்து திரும்பவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். மாறாக மதியம் கரையில் வெயிலில் போட்டால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள், தையல் பிரியாமல் தப்பும்.

இரட்டை இருக்கைப் படகு வேண்டவே வேண்டாம். எடை கொஞ்சம் மிச்சம், ஆனால் கவிழ்ந்தால் இரண்டு பேரும் தண்ணீரில், காப்பாற்ற ஆள் இல்லை. ஒருவர் காலை முறித்துக்கொண்டால் இன்னொருவர் தனியாகப் போய் உதவி தேடவும் படகு இல்லை. இரண்டு தனிப் படகுகள்தான் உங்கள் இரண்டாவது பாதுகாப்பு. உங்கள் தோழருக்கு அளவு முக்கியம்: காலை நீட்டி உட்கார்ந்தால் பாதம் முன் குழாயை இலேசாக அழுத்த வேண்டும், முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கவும் கூடாது, பாதம் எட்டாமல் வழுக்கவும் கூடாது. சின்னப் படகில் பெரிய ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் அமிழும், தரை கல்லில் தேயும் வேகம் இரட்டிப்பாகும்.

சரளைமேடு எழுதியது:

ஊசிநூல் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஜிப் விஷயத்தில் மட்டும் ஒரு சொல்: வாடகைப் படகின் ஜிப்பை நம்ப வேண்டாம், முன்பு எடுத்தவர் எப்படி வைத்திருந்தார் என்று தெரியாது. கையில் வாங்கியதும் விடுதி அறையிலேயே ஜிப்பை மூடி ஊதி, இரவு முழுக்க விட்டுக் காலையில் அழுத்திப் பாருங்கள். இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்து, அன்றைக்கே மாற்றி வாங்குங்கள்.

கயிறுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, இதை நான் பெரிதாகச் சொல்வேன். இந்த விளையாட்டில் ஆளைக் கொல்வது கயிறும் மரமும். துடுப்பைப் படகோடு கட்டும் நாடாவை ஓடும் ஆற்றில் பயன்படுத்தாதீர்கள். படகைச் சுற்றி நீளமாகத் தொங்கும் கயிறு, பையில் ஆடும் வார், மணிக்கட்டில் மாட்டும் வளையம் எல்லாம் வெட்டிவிடுங்கள் அல்லது சுருட்டிக் கட்டுங்கள். விழுந்த மரத்தில் படகு சிக்கினால் உங்கள் காலோ கையோ அந்தக் கயிற்றில் மாட்டக் கூடாது. தொடைப் பட்டி (தொடையைப் படகோடு பிடித்து வைப்பது) வைத்த படகு கிடைத்தால் பட்டியைக் கழற்றி வீட்டில் வையுங்கள், உங்கள் ஆற்றுக்கு அது தேவையில்லை, பழகாதவருக்கு அது பொறி. ஆளுக்கு ஒரு கயிற்றுப் பை, பதினைந்து மீட்டர், மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் எறிந்து பழகாமல் எடுத்துப் போவதால் பயன் இல்லை. வளைவில் மறுபக்கம் தெரியவில்லையா, கரையில் ஏறி நடந்து பாருங்கள். மரம் அடைத்திருந்தால் படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போவது ஐந்து நிமிட வேலை.

ஜூனில் உங்கள் ஊர் ஏரியில் முழு உடுப்போடு, பையைக் கட்டிய நிலையில், படகை வேண்டுமென்றே கவிழ்த்துத் திருப்பிப் போட்டு ஏறிப் பழகுங்கள். காலை நீருக்கு மேலே உதைத்து, வயிற்றால் ஏறி, பிறகு திரும்பி உட்காருவது. கை மரத்த நிலையில் முதல் முறையாகச் செய்யும் வேலை அல்ல அது.

விமான விஷயம்: அடுப்பு வாயு உருளையையும் கரடியை விரட்டும் ஸ்ப்ரேயையும் சியாட்டிலில் இருந்து கொண்டு வர முடியாது, பயணிகள் விமானத்தில் இரண்டுக்கும் இடமில்லை. ஃபேர்பேங்க்ஸில் வாங்குங்கள். அங்கிருந்து அனக்டுவுக் பாஸ் போகும் சிறு விமானத்தில் எதை எப்படி எடுப்பார்கள் என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள், பைலட்டிடம் மறைக்காதீர்கள், மூடிய விமானத்துக்குள் அந்த ஸ்ப்ரே வெடித்தால் எல்லோருக்கும் ஆபத்து. கரடி டப்பாவை வாங்க வேண்டியதில்லை, பூங்காத் துறையே இலவசமாகக் கடன் தருகிறது, ஃபேர்பேங்க்ஸ் அலுவலகத்தில் கேட்டு, பெட்டில்ஸில் திருப்பித் தரலாமா என்று பேசிக்கொள்ளுங்கள். ஆட்கள் நிறையப் போகாத இடம், எத்தனை நாள் ஆனால் தேட வேண்டும் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நடைவழி எழுதியது:

ஜிப் படகு இரண்டு, தனித்தனியாக, டெக்கோடு. தொடைப் பட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சூட்டைப் போட்டுப் பார்த்தோம், கழுத்து ரப்பர் என் தோழருக்கு மிக இறுக்கம், பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்கிறார். வாடகைச் சூட்டை வெட்டவும் முடியாது. என்ன செய்வது?

ஊசிநூல் எழுதியது:

வெட்டாதீர்கள். அவருடைய கழுத்தைவிடச் சற்றே பெரிய பாத்திரம் ஒன்றை எடுத்து, ரப்பரை அதன் மேல் இழுத்து மாட்டி ஓரிரு இரவு விடுங்கள், தளரும். முனை கூரான பாத்திரம் வேண்டாம். அப்படியும் இறுக்கினால் அடுத்த அளவு சூட்டைக் கேளுங்கள், தலை சுற்றினால் அதைப் பொறுத்துக்கொண்டு போவது கூடாது. போடும்போது விரல்களை உள்ளே விட்டு விரித்துப் பிடித்துத் தலையை நுழையுங்கள், நகம் பட்டால் கிழியும், நகத்தை முதலில் வெட்டச் சொல்லுங்கள். சூட்டைப் போட்டதும் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் விலக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் நீரில் விழும்போது உப்பிக்கொண்டு நீந்த விடாது.